என் கையால் கொடுக்க மாட்டேன்

செப்டம்பர் 25, வியாழன்

வள்ளியாத்தாள் காலை பஸ்ஸில் ஓசூருக்குக் கிளம்பிவிட்டாள். மகளுக்கு இரண்டாவது பிரசவம். தீபாவளி கழிந்துதான் வருவாளாம். பஸ் ஏறுகிற வரைக்கும் என்னிடம் பேசியது முழுக்க மாத்திரையைப் பற்றித்தான். கட்டிய பெண்டாட்டி ஊருக்குப் போகிறாள், நாலு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா?

இனி வீட்டில் நான், மகன் மோகனசுந்தரம், மருமகள் சுகந்தி, பேத்தி தன்விகா. மகனுக்கு மில்லில் வேலை, மருமகளுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில். பேத்தி ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூட வேன் தெருமுனையில் இறக்கிவிட்டால் பொழுது சாய்கிற வரைக்கும் அவளுக்கு நான், எனக்கு அவள். என்னை அப்பாரு என்பாள். எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவரை அப்படித்தான் கூப்பிடுவது.

எங்கள் ஊர் கோபியில் பாதிப் பேருடைய வீட்டுப் பத்திரம் என் கையெழுத்தில் இருக்கும். பத்திரம் எழுதுவதை விட்ட பிறகும் எதையாவது எழுதாவிட்டால் கை நமைக்கிறது. அதற்குத்தான் இந்த நோட்டு.

இன்று வேன் வந்ததும் நேராகப் பேக்கரி. தேங்காய் பன். பாதி அவளுக்கு, பாதி எனக்கு. அவள்தான் பிய்த்து என் வாயில் ஊட்டுவாள்.

சாயங்காலம் வள்ளியாத்தாள் போன் செய்தாள். "ஏனுங், மாத்திரை போட்டீங்ளா?"

போட்டேன் என்றேன்.

செப்டம்பர் 27, சனி

பாப்பா ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள் என்று சுகந்தி கண்டுபிடித்துப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். எனக்கு அது தெரியவே இல்லை, இத்தனைக்கும் எதிரில் உட்கார்ந்து தின்கிறவன் நான். கடைவாயில் சொத்தையாம். ஒரு பல்லில் ஆழமாக இறங்கியிருக்கிறதாம். தீபாவளிக்குள் வலி அடங்கினால் அடைத்துவிடலாம், இல்லையென்றால் கோயமுத்தூர் கூட்டிப்போய் முழு மயக்கம் கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும் என்றார்களாம்.

"மாமா, இனிப்பு மட்டும் வேண்டாமுங். டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாங்க."

"என்றகிட்ட எதுக்கு அம்மிணி சொல்ற? நானென்ன பேக்கரியா வெச்சிருக்கறேன்?"

சுகந்தி டிவிக்குப் பின்னால் கையை விட்டு மிட்டாய்க் காகிதங்களை ஒரு பிடி எடுத்தாள். என் முன்னாலேயே நடந்து போய்க் குப்பைக் கூடையில் போட்டாள். "டீ குடிக்கறீங்ளா மாமா?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான்.

கடை எரிந்தது, வண்டி மோதியது என்று வருகிற கிளெய்ம்களில் எது நிஜம், எது ஜோடனை என்று பார்ப்பதுதான் ஆபீசில் அவள் வேலை. அவளிடம் நான் கொஞ்சம் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பள்ளிக்கூடப் பைக்குள் தேன்மிட்டாய் ஒட்டிக்கொண்டிருந்ததை மோகனசுந்தரம் பார்த்துவிட்டான். அவன் அம்மா மாதிரி அவனுக்கும் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும்.

"அப்பா, உங்குளுக்கு எத்தன தடவ சொல்றது? இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா சாயந்தரம் பாப்பாவ டே கேர்ல உட்டுருவேன். ஆபீசு முடிஞ்சு வர்றப்ப நாங்களே கூட்டிட்டு வந்துக்கறோம்."

காலையில் எழுந்தது முதல் அந்த வேன் சத்தத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வது?

"பாப்பா தலைமேல கைய வெச்சு சத்தியம் பண்ணுங்க" என்றான்.

"சத்தியமெல்லாம் எதுக்குங்க? மாமாட்ட சொன்னாப் பத்தாதா?" என்றாள் சுகந்தி. அவன் கேட்கவில்லை.

பேத்தியைக் கூப்பிட்டு அவள் தலையில் கை வைத்தேன். எண்ணெய் வைத்துச் சீவிய தலை. "இனிமேல் பாப்பாவுக்கு என் கையால் இனிப்புக் கொடுக்க மாட்டேன்" என்றேன். மோகனசுந்தரத்துக்குத் திருப்தி.

பத்திரத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போனதால் குடும்பக் கிணறே பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குப் போன கதை எனக்குத் தெரியும். ஆகவே எந்த வார்த்தையை எங்கே போட வேண்டும் என்று யோசித்துத்தான் போட்டேன். பிள்ளை தலைமேல் பொய்ச் சத்தியம் பண்ணுகிற அளவுக்கு நான் பாவியில்லை.

மகன் கவனிக்கவில்லை. சுகந்தி குழம்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த கரண்டி மட்டும் கொஞ்ச நேரம் நின்று மறுபடி சுற்றியது.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலாண்டு லீவு. என் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பாக்கெட்டில் கமர்கட் இருந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "பாக்கெட்ல என்னமோ கனமா இருக்குது போல" என்று சொன்னது உண்மைதான். கனமாகத்தான் இருந்தது. பேத்தி நாற்காலியில் ஏறி எடுத்தாள், கடித்தாள், மீதியை என் வாயில் போட்டாள்.

அவள் கையால் நான் தின்றேன். என் கையால் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சுகந்தி தன் வண்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு, என் பழைய பேனாவையும் கேட்டு வாங்கிச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பெற்ற மகனுக்குத் தோன்றவில்லை. எனக்கு வைத்த சர்க்கரைப் பொங்கல் கிண்ணம்தான் சாமிக்கு வைத்ததைவிடச் சிறியது. சுண்டல் மட்டும் கேட்காமலே இரண்டு கரண்டி விழுந்தது.

அக்டோபர் 4, சனி

பாதம் எரிகிறது. புதுச் செருப்புதான் காரணம். வெயில் வேறு தாங்கவில்லை, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறேன். மூன்று நாளாக மழை விடாததால் துவைத்த துணி ஒன்றும் காயவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சாயங்காலம் சுகந்தி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். பேத்தியின் நாக்கு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. சுகந்தி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"அப்பாரு ஏதாச்சும் குடுத்தாங்களா கண்ணு?"

"இல்லம்மா. அப்பாரு கையால ஒண்ணுமே குடுக்கல."

முகத்தில் ஒரு சலனம் இல்லை. அம்மாவைக் கண்ணோடு கண் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, அம்மா தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தாள்.

ஆறு வயதுப் பிள்ளை. சத்தியத்தில் இருந்த ஓட்டையை நான் அவளுக்குச் சொல்லித்தரவே இல்லை. தானாகப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். சார்பதிவாளர்களே எத்தனையோ பேர் கண்டுபிடிக்காமல் விட்ட வித்தை. வேறு சமயமாக இருந்தால் என் பேத்தி என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். இன்று பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சுகந்தி எழுந்து நின்றாள். "செரி, போயி மூஞ்சி கழுவிட்டு வா" என்று அவளை அனுப்பினாள். என்னைப் பார்த்து, "டீ போடட்டுங்ளா மாமா? சக்கரை இல்லாம?" என்றாள்.

அப்புறம் வள்ளியாத்தாள் போன். மாத்திரை போட்டேன் என்றேன். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பேத்தி தலைதூக்கி, "இன்னும் போடலியே அப்பாரு" என்றவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு தன் வாயில் தானே விரலை வைத்துப் பொத்தினாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் பாப்பாவுக்கு ஒரு பக்கக் கன்னம் வீங்கிவிட்டது. உடம்பும் சுட்டது. அந்தத் தலையில்தான் நான் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். மனிதர்கள் வேண்டுமானால் வார்த்தையைப் பார்த்து ஏமாறுவார்கள், சாமியும் பத்திரம் படித்துப் பார்த்தா ஏமாறும்?

மோகனசுந்தரம் காலை ஷிப்ட்டுக்குப் போயிருந்தான். சுகந்தி ஆபீசுக்குப் புறப்பட்டுக் கைப்பையோடு வந்து நின்றாள்.

"எனக்கு லீவு கெடைக்கலீங் மாமா. நீங்களே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருங்க. அவ உங்க கையப் புடிச்சுட்டா பயப்பட மாட்டா."

ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். பல் டாக்டர் சின்ன வயதுப் பெண்மணி. பாப்பாவை அந்த நீள நாற்காலியில் படுக்கவைத்து, வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இனிப்பு ஏதாவது சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

வாய் திறந்தபடியே பாப்பாவின் கண் என் பக்கம் திரும்பியது. என்ன சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்கிறாள். நான் எதைச் சொன்னாலும் அதையே அவளும் சொல்வாள்.

"சாப்டாளுங்க டாக்டர். நாந்தான் குடுத்தேன்."

பாப்பா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "இல்ல, அப்பாரு கையால குடுக்கல!"

"கையாலதான் சாமி. அப்பாரு கையாலதான் குடுத்தேன்."

என்னை அவள் பார்த்த பார்வை மறக்காது. நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

சீழ் வைத்திருந்ததாம். மருந்து வைத்துச் சுத்தம் செய்யும்போது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நகம் பதிந்த இடம் இப்போதும் சிவந்திருக்கிறது. வீக்கம் வடிய மருந்து கொடுத்தார். தீபாவளிக்கு முந்தி ஒரு முறை பார்த்துவிட்டு மயக்க மருந்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்றார்.

வெளியே வந்தால் வராண்டா பெஞ்சில் சுகந்தி உட்கார்ந்திருக்கிறாள். "அரை நாள் லீவு கெடைச்சுதுங் மாமா" என்று பாப்பாவை வாங்கிக்கொண்டாள். எப்போது வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் இருந்த டீயில் வாய் வைத்த சுவடே இல்லை, மேலே ஆடை கட்டியிருந்தது. டாக்டர் அறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான்.

அக்டோபர் 10, வெள்ளி

"மோகனுகிட்ட நானே சொல்லிப்போடறேன் அம்மிணி. டே கேர்ல சேத்தறதுன்னாலும் சேத்திக்குங்க" என்று சுகந்தியிடம் சொன்னேன்.

"சொல்றது சொல்லிருங். டே கேரெல்லாம் வேண்டாமுங். உங்களாட்டப் பாத்துக்க அங்க யாரு இருக்கறாங்க?"

பிறகு தன் யோசனையைச் சொன்னாள். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாப்பாவுக்கு ஒரே ஒரு இனிப்பு. "அத நீங்கதான் வாங்கோணும், நீங்கதான் உங்க கையால குடுக்கோணும். நானோ அவரோ குடுக்க மாட்டோம், ஒறம்பரை, சொந்தக்காரங்க யாரு கொண்டாந்தாலும் வாங்கி வெச்சுருவேன். குடுத்த கையோட பல்லு வெளக்கி உடறதும் உங்க பொறுப்புங்."

கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் எழுதியிருக்கிறேன். தப்புச் செய்தவன் பேருக்கே முழுப் பாத்தியதையும் எழுதிவைத்த ஆவணத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் இனிப்பை நிறுத்திவிட்டு எனக்கு மட்டும் கொடுத்திருக்கிறாள். இனி நான் எப்படித் திருட்டுத்தனம் பண்ணுவேன்? என் சொத்தை நானே திருடவா?

என் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாப்பாவின் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் அவள் பல் விளக்கும்போது நான் மாத்திரை போட வேண்டுமாம், ஒருவருக்கொருவர் சாட்சியாம். சத்துக்குறைவுக்குச் சாப்பிடுகிற மாத்திரைக்கு இவ்வளவு ஏற்பாடா?

மோகனசுந்தரத்திடம் சொன்னேன். மூக்கு நுனி சிவந்தது. "அவங்களே வந்து ஒத்துக்கிட்டாங்க, பொறவென்ன?" என்று சுகந்தி சொன்னதும் எழுந்து குளிக்கப் போய்விட்டான். இந்த வீட்டுக்கு இவள் வந்தது என் வள்ளியாத்தாள் செய்த புண்ணியம்.

அக்டோபர் 12, ஞாயிறு

என் பாத்தியதையின் முதல் நாள். ஒரே ஒரு இனிப்பு வாங்க ஸ்வீட் ஸ்டாலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். கடைசியில் ஒரு பால்கோவா. பாப்பா சோற்றை வேகவேகமாகத் தின்றுவிட்டுக் கை நீட்டினாள். என் கையால் கொடுத்தேன். டாக்டர் அறையில் கட்சி மாறியதை மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். பழைய வழக்கப்படி பாதியைக் கிள்ளி என் வாயில் வைத்தாள். ஒப்பந்தத்தில் என் பாதியைப் பற்றி ஒன்றும் இல்லை.

காலை மாத்திரையும் அப்படித்தான். வாயில் போட்டதைப் பாப்பா பார்த்தாள். விழுங்கினதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஓசூரில் பேரன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் நலம். "சேனை வெச்சாச்சா?" என்று கேட்டேன். பிறந்த குழந்தையின் நாக்கில் குடும்பத்துப் பெரியவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது எங்களில் முறை. மோகனசுந்தரத்துக்கு என் அப்பா வைத்தார்.

"தாய்ப்பாலத் தவுத்து ஒரு சொட்டு ஆகாதுன்னுட்டாங்க ஆஸ்பத்திரியில. நீங்க மாத்திரை போட்டீங்ளா?" என்றாள் வள்ளியாத்தாள்.

போட்டேன் என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மயக்க மருந்து வேண்டாம்! வீக்கம் வடிந்துவிட்டது, பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்றே அடைத்தும் விட்டார். பாப்பா இந்த முறை அழவில்லை. சுகந்திதான் படிக்கட்டில் இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருக்கிறாள். ஒரு நாளாவது என் மேல் எரிந்து விழுந்திருக்கலாம். விழவில்லை.

அதே கட்டடத்தில் கீழே ரத்தம் பார்க்கிற லேப். "வந்தது வந்துட்டோம், நீங்களும் ஒருக்கா ரத்தம் குடுத்துருங் மாமா" என்றாள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பாப்பா, "வலிச்சா என்ற வெரலப் புடிச்சுக்குங்க அப்பாரு" என்று சுண்டுவிரலை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டே ரத்தம் கொடுத்தேன்.

ரிசல்ட்டைச் சுகந்திதான் வாங்கினாள். படித்தாள், மடித்தாள், கைப்பையில் வைத்துக்கொண்டாள். நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மழை காலையிலேயே விட்டுவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, பாப்பா தெருவில் பட்டாசு வெடித்தாள். அக்கம்பக்கத்திலிருந்து தட்டுத் தட்டாகப் பலகாரம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மணி லட்டைப் பாப்பாவின் வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டார். "வேண்டாங்க, எனக்கு எங்கப்பாருதான் குடுப்பாங்க" என்றாள் பாப்பா. நான் வாசலில் நின்று அதைக் கேட்டேன். நெஞ்சு நிறைந்துவிட்டது.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. சுகந்தி வீட்டில் கிளறிய மைசூர்பாகுத் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "நீங்களே குடுங் மாமா" என்று அடுக்களை நிலைப்படியில் போய் நின்றுகொண்டாள். நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து என் கையால் கொடுத்தேன். பாப்பா அதை இரண்டாக உடைத்தாள். ஒரு பாதி அவள் வாயில். மறு பாதி என் வாய்க்கு நேராக.

நெய் மணம் மூக்கில் ஏறியது. வாய் தன்னால் திறந்தது. நிமிர்ந்து சுகந்தியைப் பார்த்தேன். அவள் தடுக்கவில்லை, தலையசைக்கவில்லை, சும்மா நின்றாள். "வேண்டாமுங் மாமா" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வீம்புக்கு விழுங்கியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

"வேண்டாஞ்சாமி" என்றேன். "அப்பாருக்குச் சக்கரை."

எனக்குச் சர்க்கரை வியாதி. இந்த நோட்டில் என் கையால் இதை எழுதுவது இதுதான் முதல் தடவை.

"உங்குளுக்கும் பல்லு சொத்தையா?" என்றாள் பாப்பா.

"பல்லில்ல. ரத்தத்துல."

"மயக்க ஊசி போடுவாங்களா?"

"மாத்திரை ஒழுங்காப் போட்டா ஊசி வேண்டாம்."

யோசித்தாள். கையிலிருந்த பாதியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். என் வலது கையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "அப்ப சத்தியம் பண்ணுங்க."

மோகனசுந்தரம் செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். என் உள்ளங்கைக்குக் கீழே அவள் தலை வெதுவெதுப்பாக இருந்தது. முதல் சத்தியம் பண்ணின ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் இருந்தது.

"இனிப்புத் திங்க மாட்டேன். தெனமும் மாத்திரை போடுவேன்."

"கையாலன்னு சொன்னீங்களா?"

"சொல்லல சாமி."

"முழுங்குவேன்னு சொல்லுங்க. பேசின்ல துப்ப மாட்டேன்னு சொல்லுங்க."

பார்த்திருக்கிறாள். தினமும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, எனக்காக யாரிடமும் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

"முழுங்குவேன். துப்ப மாட்டேன்."

அவள் என் கையை இன்னும் கொஞ்ச நேரம் தலையிலேயே பிடித்து வைத்திருந்தாள். வேறு ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள் போல. பிறகு விட்டாள். நிலைப்படியில் சுகந்தி இல்லை. அடுக்களைக்குள் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீருமாக வந்தாள். பாப்பா என் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, பல் டாக்டர் மாதிரியே உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்புறம் நான் அவளுக்குப் பல் விளக்கிவிட்டேன்.

சாயங்காலம் ஓசூரிலிருந்து போன். பின்னால் பேரன் அழுகிற சத்தம் கேட்டது.

"ஏனுங், நல்ல நாளும் அதுவுமா மறந்துறாதீங்க. மாத்திரை போட்டீங்ளா?"

போட்டேன் என்றேன். போட்டிருந்தேன்.